சின்னாயியின் முகம்

"எம்பட மக மூஞ்சி எங்கீங்க?"

பஞ்சாயத்து டிவி முன்னால் எழுந்து நின்று பாவாயி கேட்டாள். கூட்டம் மொத்தமும் பின்னால் திரும்பி, தூணோரம் நின்ற தங்கசாமியைப் பார்த்தது.

டிவிக்குச் சிறுவர் நிகழ்ச்சி எடுப்பவர் அவர். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர்தான். போன மாசம் வெண்ணந்தூர்ப் பக்கமுள்ள இந்த ஊருக்கு வந்து, ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்குத் தோல் சீவும் பிள்ளைகளைப் படம் பிடித்தார். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்விதான்.

"நேத்து என்ன கனவு கண்டே, சாமி?"

சின்னாயி ரொம்ப நேரம் பேசிவிட்டு வந்தாள். "நான் டிவியில வருவேனாமா," என்று அம்மாவிடம் சொன்னாள். பாவாயி அதைச் சொல்லாத வீடில்லை. இன்று மகளுக்குக் கனகாம்பரம் வைத்து முன்னால் உட்காரவைத்திருந்தாள்.

டிவியில் வந்ததோ ஒரு துணி முயல்.

பெரிய பொம்பளை யாரோ அதற்குக் குரல் கொடுத்திருந்தாள்.

"ஊரெல்லாம் வெள்ள மாவு. மழையாட்டம் விழுவுது. நான் அதும்மேல படுத்து மெதந்துட்டே போறேன். யாரும் எழுப்பல. ஆலையில கண்ணு சொக்குனா மூஞ்சியில பச்சத் தண்ணிய ஊத்துவாங்க. கனவுல அந்தத் தண்ணிகூட வெதுவெதுன்னு இருந்துச்சு."

முயல் மிதந்துகொண்டே போனது. படம் முடிந்த பிறகும் திரையில் வெள்ளைப் புள்ளிகள் உதிர்ந்தன. அதையும் மாவென்றே நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் அசையவில்லை.

பக்கத்து வீட்டு அங்கம்மாள்தான் முதலில் சிரித்தாள். "ஏண்டி பாவாயி, மக வாரான்னே. முயலுதான வந்துச்சு? பூவ அதுக்கு வெச்சுடு."

சின்னாயி அழ ஆரம்பித்தாள். அதன்பிறகுதான் பாவாயி எழுந்து கேட்டது.

"பிலிம் சரியா வரலீங்க," என்றார் தங்கசாமி, தலை நிமிராமல்.

"ஏழப்பட்ட மூஞ்சி டிவிக்கு ஆகாதுன்னு அன்னைக்கே சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமுங்க. ஒரு பொம்மைக்குக் குடுத்த எடத்த எம்புள்ளைக்குக் குடுக்க மனசு வல்லியே உங்களுக்கு. இனி எந்த ஊர்லயும் புள்ளைகளுக்கு ஆச காட்டாதீங்க."



அங்கே போட்டிருந்தது ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த ஆலை முதலாளி மயில்சாமி மெதுவாகத் திரும்பினார்.

"மூஞ்சி கெடக்குது உடு, பாவாயி. ஏனுங்க தங்கசாமி, பாட்டு, கூத்துன்னுதான உள்ள உட்டேன்? தண்ணிய ஊத்துறாங்கன்னு சொன்னது எந்தப் புள்ளை? பேரச் சொல்லுங்க. நாளையிலிருந்து அந்தக் குடும்பத்துல ஒருத்தருக்கும் எங்கிட்ட வேலை கெடையாது."

"எந்தப் புள்ளையும் சொல்லலீங்க. நானாக் கட்டுன கதை."

சின்னாயி அழுகையை நிறுத்தினாள். இதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"பொய்யி. அது எம்பட கன..."

பாவாயி மகளை இழுத்து, அவள் முகம் துளியும் வெளியே தெரியாதபடி தன் முந்தானையால் மூடிக்கொண்டாள்.