மேசைமேல் மூவாயிரம் கிலோமீட்டர்

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் எங்கள் சமையலறை மேசையை வரைபடம் மூடிக் கிடக்கிறது. கோடையில் துருக்கியிலுள்ள எங்கள் ஊருக்குக் காரிலேயே போகிறோம். மேசைக்கடியில் அப்பாவின் கால் ஓயாமல் ஆட, தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுக்கின்றன. அம்மா நகர்த்தி வைக்கும் மூக்குக்கண்ணாடியை அவர் தள்ளிவிடுகிறார். "முப்பது வருசமா ஓட்டுறேன், ஹாஜெர். வழி எனக்கு மனப்பாடம்" என்கிறார் அம்மாவிடம். "இந்த வாட்டி நான் ஓட்டுறேன்ப்பா" என்கிறேன். "நீ பின்னாடி உக்காந்து தூங்கு!" அவர் விரல் மேல்மூலையில் கிளம்பி, "ஆஸ்திரியா, ஹங்கேரி, செர்பியா, பல்கேரியா" என்று எல்லை எல்லையாகத் தாண்டிக் கீழே இறங்குகிறது. "பாத்தியா, ஊர் வந்தாச்சு!" வரைபடம் தலைகீழாக இருக்கிறது. அவர் விரல் தட்டிக்கொண்டிருப்பது டோர்ட்மண்டை. அம்மா கார்ச் சாவியை என் பக்கம் நகர்த்துகிறாள்.