சைக்கிள் அம்மாவுக்கு ஒரு பூசை

செபமாலைமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தத் துருப்பிடித்த சைக்கிள் பிரேமைத் தடவினார்.

வீடுகளைத் துப்புரவாக்கிக் கொடுக்கும் பாலேந்திரா, "அண்ணை, றஷ்யச் சைக்கிளாம்" என்று அதைக் காலையில்தான் லண்டன் பிளேஸ்டோவில் அவருடைய வீட்டுப் பின்வளவில் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

கண்ணைத் திறந்து பார்த்தால் என்ன என்று மனைவி எமில்டா கேட்கவில்லை. முப்பது வருடமாகக் கேட்டு அலுத்துப்போனாள்.

கண்ணால் பார்த்திருந்தால்தானே கண்ணால் அடையாளம் காண்பதற்கு.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுப் பனிக்காலம். லண்டனுக்குக் களவாகக் கூட்டிப்போக வந்த ஏஜென்சிக்காரன், முத்துவோடு பதினொரு பேரை லொறியிலிருந்து ஏதோ ஒரு கிராமத்தில் இறக்கிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். எந்த நாடு என்றுகூடச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனுஷி, தன் வீட்டுக்குக் கீழே உருளைக்கிழங்கு போட்டுவைக்கும் நிலவறையில் அவர்களை ஒன்பது நாள் ஒளித்துவைத்தாள். அவித்த கிழங்கும் பாலும் மேலேயிருந்து இறங்கிவரும். அந்தக் கை வராமல் இருந்திருந்தால் முத்து இன்றைக்கு இல்லை.

விளக்கில்லாத இருட்டு. அவருடைய தோளோடு, சில்லுகள் கழற்றிய வெறும் பிரேமாக ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது.

அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது என்று ஏஜென்சிக்காரன் அவருடைய செபமாலையை முன்பே பறித்து எறிந்திருந்தான். அதனால் அவர் சைக்கிளைத் தடவிச் செபம் சொன்னார். கழுத்துக் குழாயில் மூன்று ஆணித்துளை: பிதா, சுதன், பரிசுத்த ஆவி. பிறகு மூட்டுக்கு மூட்டு ஒவ்வொரு அருள்நிறைந்த மரியே.

லண்டனுக்கு வந்த நாள்தொட்டு வருடம் தவறாமல் அந்த மனுஷிக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார். பூசைக்குக் காசு வைத்துக் கொடுக்கும் கோயில் கவரில் 'யாருக்காக' என்ற இடத்தில், பெயர் தெரியாததால், 'சைக்கிள் அம்மா' என்று எழுதுவார். கீழே இரண்டு கட்டங்கள்: உயிருடன் இருப்பவர், இறந்தவர். எப்போதும் முதல் கட்டத்தில்தான் சரி போடுவார்.

"பேர் சொல்லி ஒருக்கா நன்றி சொல்லாமல் அவவை நான் சாகவிட மாட்டன்" என்பார்.

சைக்கிளைக் கண்டால் நாடு தெரியும், நாடு தெரிந்தால் தேடலாம். அவருடைய கணக்கு அவ்வளவுதான். அதற்காகவே பழைய சாமான் சந்தைகளில் குருடர் மாதிரிச் சைக்கிள்களைத் தடவித் திரிந்தார்.

இப்போது விரல்கள் கழுத்துக் குழாய்க்கு வந்தன. நின்றன.

"எங்கள் வீட்டிலும் இது இருந்தது."

வேலிக்கு அப்பாலிருந்து ஒக்சானாவின் குரல். போருக்குத் தப்பி வந்து பக்கத்து வீட்டு மாடியறையில் இருப்பவள். எட்டு மாதமாகக் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. இன்றைக்கு ஆங்கிலத்தில் மளமளவென்று பேசினாள். இந்தச் சைக்கிளின் பெயரே, தன் நாட்டின் பெயரான 'உக்ரைனா'தானாம். றஷ்யாவும் உக்ரைனும் ஒன்றாயிருந்த அந்தப் பழைய பெரிய நாடு முழுக்க விற்றார்களாம். எந்தக் கிராமத்து வீட்டிலும் ஒன்று கிடக்குமாம்.

முத்து கண்ணைத் திறந்தார்.

"இதுதான்" என்றார் அவளிடம். "முப்பது வருடமாக நான் தேடின சைக்கிள் இதுதான்."

ஒக்சானா வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து துருவைத் தடவினாள். சிரித்தாள். அவள் சிரித்து எமில்டா பார்த்ததேயில்லை.

"உங்கள் வீட்டில் யார் ஓட்டினது?" என்று கேட்டார் முத்து.

"அம்மா. பேர் வீரா."

அதோடு சிரிப்பு நின்றுபோயிற்று. அம்மா இருந்த ஊர் போருக்குள் அகப்பட்டு, தொலைபேசி அறுந்து எட்டு மாதம். இருக்கிறாளா இல்லையா என்று சொல்ல ஒருவருமில்லை.

"எமில்டா, அந்தப் பூசைக் கவரை எடுத்துக்கொண்டு வாரும்."

கவரில் முதன்முறையாக ஒரு பெயர் எழுதினார்: வீரா. நிலவறையில் ஒளித்துவைத்த மனுஷியின் கதையைச் சொல்லி, எந்த வீடாகவும் இருக்கலாம் என்றால் உன் வீடாகவும் இருக்கலாம்தானே, உன் அம்மாவுக்குத்தான் நான் நன்றி சொல்லப்போகிறேன் என்று அவளிடம் விளக்கினார். பிறகு பேனையை அவளிடம் நீட்டினார்.

அவள் இரண்டு கட்டங்களையும் வாசித்தாள். வெகுநேரம் வாசித்தாள்.

முதல் கட்டத்தில் அழுத்திச் சரி போட்டாள். கவர் கிழிந்துவிட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனபிறகு எமில்டா குனிந்து பிரேமின் கழுத்தைத் தடவினாள்.

"மூண்டு துளையெண்டல்லோ சொல்லுவீங்கள்? இதில ரெண்டெல்லோ கிடக்கு."

"ஓம்" என்றார் முத்து, கிழிந்த கவரைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு.