நாற்காலியில் விட்டுவந்தவள்

புல்தரையில் பந்துருட்டி ஆடும் பவுல்ஸ் கிளப்பின் தேநீருக்கு ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுபோவது, ஆஸ்திரேலியாவில் எங்கள் பன்பரி ஊர் வழக்கம். நான் சுட்டு எடுத்துப்போன ஸ்கோன் ரொட்டிகளைக் காட்டி என் கணவர் நெவில், "எண்ணிப் பாத்துக்குங்கப்பா, வர்ற வழியிலயே பாதியை முழுங்கியிருப்பா," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மறுவாரம், பிறந்தநாள் பரிசாம், என் தீனியை நிறுத்த ஹிப்னாடிசம் செய்பவரிடம் என்னைக் கூட்டிப்போனார். அவர் மட்டும் காரிலேயே உட்கார்ந்து ரேடியோவில் ஃபுட்டி மேட்ச் கேட்டார்.

"கண்டதையும் திங்கிற கிளெனிஸை இந்த நாற்காலியிலயே விட்டுட்டு நீங்க மட்டும் எழுந்திரிங்க," என்றார் அந்த ஆள்.

எழுந்தேன். பசி இல்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. இந்த மனுஷனோடு ஒரே காரில் போவதா? பின்வாசல் வழியாக வெளியேறி, கடற்கரையோரமாகவே வீட்டுக்கு நடந்தேன்.

எனக்கு முன்பே எங்கள் கார் வீட்டுக்கு வந்து நின்றிருந்தது. சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நான் போட்டிருந்த அதே நீலச் சட்டையோடு, என் முகத்தோடு, ஒருத்தி மேசை முன்னால் உட்கார்ந்து ஸ்கோன் தின்றுகொண்டிருந்தாள். முப்பது வருஷமாக என் பிஸ்கட்டை எண்ணிய நெவில், ஜாமும் கிரீமும் தடவித் தடவி அவளிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு சாப்பிடும்மா."

கதவை இடித்தேன். "யோவ் நெவில், வெளிய வாய்யா."

ஜாம் கத்தியோடு கதவைப் பாதி திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னிடம் அவ்வளவு மரியாதையாக அவர் பேசியதே இல்லை.

"கிளெனிஸ் சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. அப்புறமா வாங்க."