கறுப்புக் காய்

“நல்ல நாளும் அதுவுமா கறுப்பு வேண்டாம்டி, சொன்னாக் கேளு...”

“கறுப்புன்னாத்தான் உக்காருவேன்...”

“வந்திருக்கிறவா என்ன நினைச்சுப்பா?”

“அம்மா, நான் புடவையா மாத்தப் போறேன்? செஸ் காய்தானே.”

“காயா இருந்தாலும் கறுப்பு கறுப்புதான்.”

அடுக்களையில் அரவிந்தவல்லி பேசிக்கொண்டே ஊற்றியதில் டிகாக்‌ஷன் மேடையெல்லாம் சிந்தியது. கூடத்தில், பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியில் பெண் மேகனா செஸ்ஸில் ஜெயித்து வாங்கிய கோப்பைகளைப் பார்த்ததும் பிள்ளையின் அப்பா ராஜகோபாலன்தான் ஆரம்பித்து வைத்தார்: “எங்க தேசிக்கும் நன்னா ஆடுவான். ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் போடட்டுமே.”

“ஆடு, வேண்டாங்கலை. ஜெயிச்சு மட்டும் தொலைக்காதே,” என்றாள் அரவிந்தவல்லி, குரலை அடக்கி. “போன தடவை வந்த பிள்ளைகிட்ட, சமைக்கத் தெரியுமான்னு கேட்டே. அவா காபியைக்கூடக் குடிக்காம எழுந்து போனா. இது நான் நாலு பேர்கிட்டச் சொல்லிவெச்சு, அலைஞ்சு கொண்டு வந்த வரன்டி.”

“சரிம்மா.”

“என்ன சரி?”

“ஜெயிக்கலை. போதுமா?”

மேகனா கூடத்துக்கு வருவதற்குள் தேசிக் காய்களை அடுக்கிவிட்டிருந்தான். யாரையும் கேட்காமல் கறுப்பை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தான்.

“பொண்ணுக்கு வெள்ளையைக் குடுக்கப்படாதோடா?” என்று ராஜகோபாலன் கேட்டதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் தான்தான் ஆட வேண்டும் என்கிற பிள்ளை போலிருக்கிறது, ஜெயித்துவிட்டு நல்ல மனசோடு தில்லைநகர் வீட்டுக்குத் திரும்பட்டும் என்று அரவிந்தவல்லி நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் தேசிக்கின் வெள்ளைச் சிப்பாய்கள் நடுப்பலகையை அடைத்துக்கொண்டு நிற்பதும், மேகனாவின் ராஜா மூலையில் பதுங்கியிருப்பதும் தெரிந்தன. பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள் என்று கொஞ்சம் மூச்சு வந்தது.

“எங்காத்துப் பிள்ளை பொண்கள்னா தலை நிமிர்ந்து பேச மாட்டான், மாமி,” என்றாள் தேசிக்கின் அம்மா, தேன்குழலை ஒடித்தபடி. “எல்லாம் பெரியவாளே பார்த்துப் பண்ணட்டும்னுட்டான்.”

“எங்காத்துலயும் அப்படித்தான். நான் கை காட்டற பிள்ளைதான்னு சொல்லிட்டா.”

அப்போது ராஜகோபாலன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். “அடடே, பொண்ணு கிங்ஸ் இந்தியன்னா ஆடறா. நடுவை நீயே எடுத்துக்கோன்னு விட்டுட்டு, அப்புறம் திருப்பி அடிக்கற ஆட்டம். தேசிக், ஜாக்கிரதை.”

அரவிந்தவல்லிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினாள், திறந்தாள். இருமினாள். “மேகனா, காபி ஆறிப்போறது பாரு.”

“இருக்கட்டும்மா.”

பெண்ணின் பார்வை பலகையை விட்டு நகரவில்லை. அந்த முகத்தை அரவிந்தவல்லிக்குத் தெரியும். அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் அந்த முகத்தோடுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது.

கறுப்புச் சிப்பாய்கள் தேசிக்கின் ராஜாவைப் பார்த்து வரிசையாக இறங்கின. மேகனா தன் பிஷப்பைக் கொண்டுபோய் அவன் வாசலிலேயே வைத்தாள். அவன் அதை வெட்டினான். அப்பாடா, ஒரு காய் போயிற்று என்று அரவிந்தவல்லி உட்காரப் போனாள். ராஜகோபாலன் உச்சுக்கொட்டினார்.

“வெட்டியிருக்கப்படாதுடா.”

திறந்த வழியில் கறுப்பு ராணி போய் இறங்கியது.

“செக்மேட்,” என்றாள் மேகனா. சொன்ன பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தேசிக்கின் அம்மா தேன்குழல் தட்டை ஒரு பக்கமாக வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பப் போகிறவளின் துடைப்பு அது. இந்த வரனும் போயிற்று. ஏதோ தெரியாமல் ஆடிவிட்டாள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல அரவிந்தவல்லி வாயெடுத்தாள்.

அதற்குள் தேசிக், சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோய், பலகையைப் பார்த்தபடியே சிணுங்கினான்:

“இன்னிக்கு ஒரு நாளாவது விட்டுக்குடுக்கறேன்னு சொன்னியே, மேகு.”