கோணல் உதடு

அவள் பெயர் நெபெத் என்றுதான் நினைவு. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எகிப்தை ஆண்ட அரசி. பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுடைய இடப்பக்க உதடு கீழே இழுத்துக்கொண்டிருந்தது. கல்லறையில் வைக்க இருந்த அவள் சிலையில், சிற்பி ஹூயா அதை நேராகச் செதுக்கியிருந்தான். கோணலாகச் செதுக்கினால் கையை வெட்டிவிடுவதாக அமைச்சர் சொல்லியிருந்தார்.

அமைச்சரோடு பட்டறைக்கு வந்த அரசி சிலையைச் சுற்றிவந்து பார்த்தாள்.

“இது யாருடா?”

“நீங்கதான் தாயே.”

“செத்த பிறகு என் உயிர் தன் முகத்தைத் தேடிக்கிட்டு வரும். இவளைப் பார்த்துட்டு, வீடு மாறி வந்துட்டோம்னு திரும்பிப் போயிடும்.”

ஹூயா வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“கோணவாயோட ஒரு அரசியா? ஊரே சிரிக்கும்,” என்றார் அமைச்சர்.

“சிரிக்கட்டும். என்னாலதான் நேரா சிரிக்க முடியல.”

உளியையும் கொட்டாப்புளிச் சுத்தியலையும் அவளே எடுத்தாள். அடி தவறினால் தாடையே பெயர்ந்துவிடும். ஹூயா கண்ணை மூடிக்கொண்டான். மூன்று அடி கேட்டது. அவன் கண் திறந்தபோது, கல்லில் உதடு இடப்பக்கமாகச் சரிந்திருந்தது. அரசி தூசி படிந்த தன் கையை அமைச்சரிடம் நீட்டினாள்.

“செதுக்கின கை இதுதான். வெட்டு.”

அமைச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆற்றில் அடுத்த ஆண்டு வெள்ளம் வருவதற்குள் அரசி இறந்தாள். அமைச்சர் புதிய அரசனிடமும் வேலை பார்த்தார். ஹூயா இரண்டு கைகளோடும் கிழவனானான்.