பொருந்தாத போல்ட்

"மத்த எல்லா உதிரியிலயும் 614ன்னு நம்பர் இருக்கு. இந்த போல்ட்ல மட்டும் 287. என்னோடது இன்னும் கிடைக்கலையா, காஸ்பர்?"

மெங்கியா துப்பாக்கியைக் காஸ்பரின் பட்டறை மேசையில் கிடத்தினாள். பக்கத்தில் வழக்கம்போல ஒரு துண்டு வால்நட் கேக்கையும் வைத்தாள்.

ராணுவச் சேவை முடிந்ததும் அவள் அப்பா தன்னோடு வீட்டுக்குக் கொண்டுவந்த பழைய துப்பாக்கி அது. அவர் போன பிறகு கிளப் போட்டிகளில் அவள்தான் அதை வைத்துச் சுடுகிறாள். இப்போது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் மட்டும் வேறு யாருடையதோ.

அந்தப் பள்ளத்தாக்கில் எந்தத் துப்பாக்கியில் எந்த உதிரி மாறியிருந்தாலும் காஸ்பர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவான். மெங்கியாவின் போல்ட்டை மட்டும் குளிர்காலம் முழுக்கத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வீடு வீடா பாத்துட்டேன். கடைசிப் போட்டி முடிஞ்சு எல்லாரும் ஒரே மேசையில போட்டுத் தொடைச்சோம்ல, அப்பதான் மாறியிருக்கணும்."

"இருக்கும், இருக்கும்" என்றாள் மெங்கியா.

உண்மையில் காஸ்பர் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. 287 அவனுடைய சொந்தத் துப்பாக்கியின் எண். அது அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில்தான் தொங்கியது, மெங்கியாவின் போல்ட்டோடு. அவள் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் மாற்றிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் எதற்கு இந்தப் பக்கம் வரப்போகிறாள்? நாற்பத்தைந்து வயதில் ஒருத்தியின் காலடிச் சத்தத்துக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்தான்.

"போதும், இனிமே தேடாத" என்றாள் அவள். "சூரிச்லேர்ந்து ஒருத்தர் பழைய துப்பாக்கியா தேடித் தேடி வாங்கறார். நம்பர் பொருந்தலைன்னாலும் பரவாயில்லையாம். நாளைக்கு வர்றார், குடுத்துடலாம்னு இருக்கேன்."

காஸ்பர் கடித்த கேக்கை மேசையில் வைத்தான்.

"உங்கப்பா துப்பாக்கிய விக்கப் போறியா?"

"அரைகுறையா வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

காஸ்பர் எழுந்தான். சுவரிலிருந்த துப்பாக்கியை எடுத்து, போல்ட்டைப் பின்னால் இழுத்தான். அது கையோடு வந்துவிட்டது. துடைத்து அவள் முன்னால் வைத்தான். 614.

"உன்னோடதுதான். முதல் நாளே தெரியும். கெடச்சுட்டா நீ வரமாட்டியேன்னு பொய் சொன்னேன். திட்டணும்னா திட்டு, ஆனா அதை வித்துடாத."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மெங்கியா இரண்டு போல்ட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். அப்புறம் மிச்சக் கேக்கை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சூரிச்காரர்னு யாரும் இல்ல" என்றாள். "அன்னிக்கு நீங்க எல்லாரும் ஒயின் குடிக்கப் போனப்ப, இந்தக் கையாலதான் ரெண்டையும் மாத்திப் போட்டேன். ஊர்ல உள்ள நம்பரையெல்லாம் பாக்கற ஆளு, நீ மறுநாளே வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுவன்னு நெனச்சேன்; கடைசியில நானே கேக் சுட்டு எடுத்துட்டு வர வேண்டியதாப் போச்சு."