வேற என்ன குறை?

“வெள்ளை எழுத்து ஓடுறப்ப ஓரத்துல சிவப்பு, பச்சை, நீலம்னு தெறிக்குதே தம்பி!”

திரையைப் பார்த்தபடி, மனைவியோடு வந்திருந்த வாடிக்கையாளர் சொன்னதும் விற்பனையாளனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. புரொஜெக்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் கையால் இன்னும் ஒன்றுகூட விலை போகவில்லை.

“இது டிஎல்பி சார். உள்ளே பொடிப்பொடியா கண்ணாடிங்க. முன்னால ஒரு கலர் சக்கரம் சுத்தி, ஒவ்வொரு நிறமா மாத்தி மாத்தி அனுப்பும். சில பேர் கண்ணுக்கு மட்டும் அந்த வானவில் தெரியும்.”

“சில பேருக்குத்தானா?” பக்கத்து நாற்காலியிலிருந்த மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இவருக்குத் தெரியுதுங்குறாரே!”

அதில் என்ன பெருமையோ, அவள் முகமெல்லாம் பல்.

அவன் அடுத்ததை ஓடவிட்டான். “இது எல்சிடி. மூணு நிறத்துக்கும் தனித்தனித் தகடு. மூணும் ஒண்ணா சேர்ந்து விழும். வானவில் பேச்சுக்கே இடமில்ல.”

கணவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். “நிறம் பளிச்சுனுதான் இருக்கு. ஆனா கொசுவலை வழியா பார்க்குற மாதிரி கட்டம் கட்டமா தெரியுது. இருட்டு வேற கறுப்பா இல்லாம சாம்பல் பூத்திருக்கு.”

“அப்புறம்? வேற என்ன குறை?” என்றாள் மனைவி ஆசை ஆசையாக.

வாங்க வந்தவளா, வம்பு வளர்க்க வந்தவளா? வழக்கமாகக் கணவன் நொட்டை சொன்னால் மனைவி ஜாடையாகக் கையைக் கிள்ளுவாள். இவளோ எடுத்துக் கொடுக்கிறாள்!

மனசுக்குள் முனகிக்கொண்டே மூன்றாவதைப் போட்டான். “எல்காஸ். அந்த ரெண்டுல இருக்குற நல்லதையும் சேர்த்துச் செஞ்சது. கடையிலேயே உசத்தி இதுதான் சார்.”

திரையில் இரவு நேரக் கால்பந்து ஆட்டம். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. கணவர் மெய்மறந்து நின்றார்.

“அருமையா இருக்கு.”

மனைவியின் முகம் வாடிவிட்டது. “குறையே இல்லையா? நல்லா உத்துப் பாருங்களேன்.”

“ம்... பந்து வேகமா போறப்ப மட்டும் லேசா வால் இழுக்குது.”

“அப்படிச் சொல்லுங்க!” அவள் கைதட்டியே விட்டாள். “தம்பி, இதையே கட்டிக் கொடுங்க.”

அவனுக்குத் தலை சுற்றியது. விற்றுவிட்ட சந்தோஷத்தையும் மீறிக் கேட்டுவிட்டான். “தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. சார் குறை சொல்லச் சொல்ல உங்களுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் வெட்கத்துடன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே இவருக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சு தம்பி. போன மாசம்தான் ஆபரேஷன் பண்ணிப் பார்வை வந்துச்சு. முதல் தடவையா என்னைப் பார்த்துட்டு, ‘உன்கிட்ட ஒரு குறையும் இல்லை’ன்னுட்டார். அன்னையிலிருந்து எனக்கு ஒரே சந்தேகம், இந்த மனுஷனுக்கு நிஜமாவே கண்ணு தெரியுதா, இல்லையான்னு!”